கையுறை போட்டு வந்தவர்கள்

கடல் பச்சையான அன்று ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் எங்கள் கரைக்கு வந்தார்கள். எல்லோர் கையிலும் ரப்பர் உறை. ஒதுங்கிக் கிடந்த செத்த மீனைப் பையில் போட்டார்கள், தண்ணீரை பாட்டிலில் பிடித்தார்கள், ஜீப்பில் ஏறினார்கள். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு, "ரிப்போர்ட் வரட்டும்" என்றார்கள்.

அது வருவதற்குள் ஊரே ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டது. படித்தவனே வெறுங்கையால் தொடவில்லை, அப்படியானால் விஷம்தான். நான் ஸ்கூட்டரில் மீன் கொண்டுபோய் விற்கிற சாயர்புரத்திலிருந்து போன் வந்தது: "ஒன் மீனக் குழி தோண்டிப் பொதச்சிட்டோம்ளா."

வியாபாரம் போனால் போகட்டும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் முந்தின நாள்தான் விளைமீன் குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டிருந்தாள். கையுறைக் கதையைக் கேட்டதும் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். பிறகு ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பிள்ளை துடிப்பு நல்லா இருக்கு. மீனைப் பத்திக் கடல் ஆராய்ச்சிக்காரங்ககிட்டதான் கேக்கணும்" என்றார்.

மறுநாள் ஜீப் திரும்ப வந்தது. பாட்டிலும் கையுமாக நின்ற ஒரு சின்ன வயது விஞ்ஞானியை மறித்தேன்.

"ஏம்மா, மாசமா இருக்க எம்மவ இந்தக் கடல் மீனத் தின்னுட்டா. விஷமா, இல்லையா?"

"அக்கா, ரிப்போர்ட் மேல போயிருக்கு…"

"மேலன்னா எங்க? பரலோகத்துக்கா?"

வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்காளுக வெறுங்கையால அள்ளுதாங்க. நீங்க மட்டும் உறையப் போட்டுக்கிட்டு வாரீங்க. நாங்க செத்தாப் பரவாயில்லையோ?"

அவள் தன் கையையே பார்த்தாள். "ஐயோ அக்கா! இது எனக்கில்ல, தண்ணிக்கு. என் கை வேர்வையும் அழுக்கும் பாட்டில்ல பட்டா சோதனை தப்பாயிடும்."

இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

"மீன எங்க பிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

"தீவுக்கு அங்கிட்டு, ஆழக்கடல்ல. துள்ளத் துள்ளத்தான் வாங்கினேன்."

"அப்ப பயமே வேண்டாம். இது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். கூட்டமாப் பெருகினா கடல் பச்சையாயிடும், தண்ணியில காத்து கொறஞ்சு கரையோர மீன் மூச்சு முட்டிச் சாகும். விஷம் கக்குற வகை இல்லன்னு நானே மைக்ராஸ்கோப்புல பாத்தேன். கரையில செத்து ஒதுங்கினத மட்டும் எடுக்காதீங்க. மூச்சு முட்டித்தான் செத்துச்சான்னு உறுதியாச் சொல்லத்தான் ரிப்போர்ட்டே. நேத்து நான் வாளை மீன்தான் சாப்பிட்டேன்."

அவள் கையைப் பிடித்துக் கரையோரக் கோயிலுக்கு இழுத்துப்போனேன். எங்கள் ஊரில் புயலானாலும் சாவானாலும் கோயில் மைக்கில் சொன்னால்தான் செய்தி.

"எங்க சாரைக் கேக்கணும் அக்கா."

"ஒங்க சார் மீன் திங்க மாட்டாரா? என்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு."

வெளியே போய் போனில் கொஞ்ச நேரம் கெஞ்சிவிட்டு வந்தாள். சார் சரி என்றுவிட்டார் போல, மைக்கைப் பிடித்துப் பேசினாள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். நடுவில், "கையுறை எங்களுக்கில்ல, தண்ணிக்கு" என்றபோது கரையிலிருந்து ஒருவன், "அப்ப எங்களுக்கும் வாங்கித் தாங்க, எங்க கை அதவிட அழுக்கு" என்று கத்தினான். அத்தனை பேரும் சிரித்தார்கள். கடல் பச்சையான பிறகு ஊரே சேர்ந்து சிரித்ததை அப்போதுதான் கேட்டேன்.

அவள் மைக்கை வைப்பதற்குள் என் போன் அடித்தது. மகள்.

"எம்மா, கேட்டுது. வீட்டுல என்ன இருக்கு? எனக்குப் பசிக்கி."