குருவம்மாள் வளர்த்த எருக்கு

குருவம்மாள் மில்லில் நூல் சுற்றுகிறவள். ராஜபாளையத்தில் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் வீட்டுக் கொல்லையில் வேண்டுமென்றே எருக்கு வளர்த்தவள் அவள் ஒருத்திதான். எருக்கு முளைத்த வீடு உருப்படாது என்பது ஊர் வழக்கு. ஆகாதவனைத் திட்டும்போதுகூட 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்றுதான் மண்ணை வாரித் தூற்றுவார்கள். தெரிந்தேதான் வளர்த்தாள். செண்பகத்தோப்புப் பாதையோரம் எருக்கிலையைத் தின்னும் வரிப்புழுவைப் பார்த்து, அதுதான் வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாகிறது என்று மகள் விஜி சொல்லக் கேட்டதிலிருந்து பிடித்த கிறுக்கு அது. வேலிப்பருத்தி, கிலுகிலுப்பை, ஆவாரை என்று கொல்லையே காடாகிவிட்டது. தேன்சிட்டு வந்தது, ஓணான் வந்தது. மாப்பிள்ளைதான் வரவில்லை.

முதலில் பெண் பார்த்துவிட்டுப் போன இடம் பதிலே சொல்லவில்லை. "எருக்கு நிக்கிற வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்?" என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் சொல்வதெல்லாம் சும்மா என்று மில்லில் நிற்கும்போது தோன்றும். வீட்டுக்கு வந்து விஜியின் முகத்தைப் பார்த்தால், நிஜமாயிருந்தால் என்ன செய்வது என்று பயம் வந்துவிடும். தன் கிறுக்குக்குப் பெற்ற பெண்ணைப் பலி கொடுக்கிறோமோ?

இன்று வன்னியம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். விஜிக்கும் பிடித்த பையன். காலையில் அரிவாளோடு கொல்லைக்குப் போனவள், இலைக்கு இலை புழுவைக் கண்டு நின்றுவிட்டாள். வெட்டினால் அத்தனையும் சாகும். கறிவேப்பிலையில் எடுத்து விட்டால் தின்னாது.

"வெட்டுனா வெட்டு, இல்லேன்னா விடு. ரெண்டுங்கெட்டானா நிக்காத," என்று புருஷன் தவசிமுத்து சொல்லிவிட்டுப் பழம் வாங்கப் போனான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சாமி மாடத்திலிருந்த மண் பிள்ளையாரைத் தூக்கி வந்து எருக்கின் அடியில் வைத்து, தூரில் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டாள். எருக்கம்பூ பிள்ளையாருக்கு உகந்ததாயிற்றே, இனி யார் குறை சொல்வார்கள்?

அப்படியும் தைரியம் வரவில்லை. வந்தவர்கள் கேசரி சாப்பிடும் வரை கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். ஆனால் மாப்பிள்ளையின் தாய் காளீஸ்வரி கை கழுவத் தானே கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். குருவம்மாள் பின்னாலேயே ஓடினாள். எருக்கைக் கண்டதும் காளீஸ்வரியின் முகம் சுருங்கியது. பிள்ளையாரைக் கண்டதும் தெளிந்தது. குருவம்மாளுக்கு மூச்சு வந்தது.

"சாமி குடியிருக்க எடம். நல்லது மதினி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் காளீஸ்வரி. "ஒரு கொப்பு ஒடிச்சுக்கிடுதேன். எங்க வீட்டுப் பிள்ளையாருக்கு மாலை கட்டலாம்."

புழு நிறைந்திருந்த கொப்பைப் பார்த்து அவள் கை நீண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. பேசாமல் விட்டிருக்கலாம், ஒரு கொப்புதானே. ஆனால் யோசிப்பதற்குள் குருவம்மாளின் கை காளீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. இன்னும் சம்பந்தியாகாதவளின் கை.

"ஒடிக்காதிய மதினி. பட்டாம்பூச்சி ஆகப்போற புழு இருக்கு."

"அப்ப பிள்ளையாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னைக்குக் காலையிலதான் வச்சேன். எருக்கைப் பாத்தா எந்திருச்சுப் போயிருவியளோன்னு பயம்."

காளீஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். குனிந்து புழுவைப் பார்த்தாள். பிறகு அடுக்களை வாசலில் நின்ற விஜியைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் குருவம்மாள்.

"எங்க வீட்டுக்கு வந்தா ஒங்க மகளும் இப்படித்தான் பயந்து பயந்து மறைப்பாளோ?"

"மறைக்க மாட்டேன் அத்தை," என்றாள் விஜி. "ஒங்ககிட்டக் கேட்டுட்டு, வாசல்லயே நட்டிருவேன்."

ஓடிப்போய் மகளின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது குருவம்மாளுக்கு.

காளீஸ்வரி நிதானமாகக் கை கழுவி, முந்தானையில் துடைத்தாள்.

"வாசல்ல வேண்டாம்," என்றாள். "எங்க வீட்டுக் கொல்லையில எடம் கெடக்கு."