பதினாறு டிகிரியும் ஒரு மூட்டை வெட்டிவேரும்

வருடம் முழுக்க வியர்க்கும் இந்தக் கிள்ளானில், கல்யாணமானதும் நாங்கள் முதலில் வாங்கிய வீட்டுச் சாமான் கம்பளிப் போர்வை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று பல வருடங்கள் சொல்லாமலே இருந்தேன். மனைவி கோமதி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏர்கோனைப் பதினாறு டிகிரியில் வைத்துவிட்டு, அதற்குப் பயந்தவள்போல் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். வேலூர்க்காரனான எனக்கு மூக்கு விறைத்துப்போகும். ஒருநாள் தலையணையோடு ஹாலுக்கு, மின்விசிறிக்குக் கீழே, குடிபெயர்ந்தேன். நாடு விட்டு நாடு வந்தவனுக்கு அறை விட்டு அறை என்ன பெரிய தூரம் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானமாவது பேசலாம். நாங்கள் சண்டையே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். கரண்டும் மிச்சம், கல்யாணமும் மிச்சம். வேலூரில் மே மாத மதியங்களில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். வெளியே தார் உருகும். உள்ளே வரும் காற்று மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். இதற்கான விஞ்ஞானத்தையும் படித்திருந்தேன், பாதிவரை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு மூட்டை வெட்டிவேர் கேட்டபோது கடைக்காரர், "இவ்வளவும் குளிக்கவா அண்ணே?" என்றார். ஜன்னலுக்கு என்றேன். "ஜன்னலுக்கு என்ன செய்யுது?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

கோமதியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். ஏர்கோன் இல்லாமல், இருவரும் ஒரே அறையில்.

"சரியா வரலன்னா?"

"நான் ஹாலுக்கே போயிடறேன்."

"அப்ப சோஃபாவுக்கு நல்ல கவரா பார்த்து வாங்கணும்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலூரில் தட்டி அரை மணியில் காய்ந்து மறுபடியும் தண்ணீர் கேட்கும். இங்கே திங்கட்கிழமை தெளித்த தண்ணீர் புதன்கிழமையும் சொட்டிக்கொண்டிருந்தது. அறை இட்லிப் பானையாகிவிட்டது. என் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. கோமதி அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், பட்டுப்புடவைகளைப் பையில் அடுக்கினாள், சுங்கை வேயில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "நீங்க காஞ்சதும் போன் பண்ணுங்க" என்றாள்.

சனிக்கிழமை ஏர்கோன் சர்வீஸ் செய்ய சிவா வந்தார். கோமதி முன்பே சொல்லி வைத்திருந்த ஆள். ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னா பாஸ், ரூம்ல ஆடு வளக்குறீங்களா?"

வேலூரையும் விஞ்ஞானத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அங்க காத்து தாகமா வரும் பாஸ், கொடுத்த தண்ணிய குடிக்கும். இங்க வரும்போதே வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தான் வருது லா. நீங்க இன்னும் ஊத்துறீங்க."

பிறகு ஜன்னலுக்கு மேலே பழைய வீடுகளில் இருக்கும் காற்றுத் துளைகளைக் காட்டினார். "இத தொறந்து வெச்சிட்டுப் பதினாறு போட்டா, ரோட்டுக்குத்தான் ஏர்கோன். வெளிய இருக்கிற ஈரமெல்லாம் உள்ள வரும். வீட்ல அக்கா குளுருதுன்னு போர்வையும் போத்துவாங்க, பிசுபிசுன்னு இருக்குன்னு இன்னும் கொறைக்கவும் செய்வாங்க."

தட்டியைக் கழற்றி ஜன்னலைச் சாத்தினோம். துளைகளுக்குப் பிளாஸ்டிக் தகடு வெட்டி, கழற்றி மாட்டும்படி பொருத்தினோம். கதவின் அடி இடுக்கை அடைத்தோம். ஃபில்டரைக் கழுவினார். ஈரத்தை உறிஞ்சும் பொத்தானை அமுக்கி, இருபத்தைந்தில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டார். மாலைக்குள் அறை காய்ந்திருந்தது. எனக்குத்தான் குழப்பம். ஊரில் திற, நனை என்று கற்ற கை. இங்கே மூடு, உலர்த்து. ஆறு மாதமாக நாங்கள் மல்லுக்கு நின்றது சூட்டோடும் குளிரோடும்; இரண்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லையாம்.

போன் செய்தேன். வந்தாள். ரிமோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போர்வையை மடித்துக் காலடியில் வைத்தாள். "இதத்தானே நானும் கேட்டேன்" என்றாள். அவள் கேட்டது பதினாறு. ஹாலிலிருந்து தலையணையை எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை பின்பக்கம் போனேன். ஏர்கோனின் வடிகுழாய்க்குக் கீழே சிவா வைத்துவிட்டுப் போன வாளியில் பாதிக்குத் தண்ணீர். அறையின் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். எங்கள் இருவரின் மூச்சும் அதில் இருந்திருக்கும்.

"ஊத்திடுங்க, கொசு வரும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. வாளியைத் தூக்கிச் சாக்கடை ஓரம்வரை கொண்டுபோனேன். வேலூரில் குடத்தோடு குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்த கை, சாய்க்கமாட்டேன் என்றது. வாளியோடு அங்கேயே நின்றேன்.