பையோடு புதைத்த புங்கங்கன்றுகள்

மேலாளர் சார், நீங்கள் ஒரு செடியைக்கூட வளர்க்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனி வாசலில் நீங்கள் மாட்டிய 'நர்ச்சர்' என்ற நீலப் பலகை பொய் சொல்கிறது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் அங்கே குமாஸ்தா. ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் மாறி வரும் தோட்டக்கார அக்கா, காண்ட்ராக்ட் ஆள், ஒருநாள் அந்தப் பலகையைக் காட்டி, "இன்னா நைனா எழுதிக்கீது?" என்று கேட்டார். "வளக்கறதுன்னு அர்த்தம்க்கா" என்றேன். அவர் விடவில்லை. அகராதியைப் பார்த்து வந்து சொன்னேன்: குழந்தைக்கும் சொல்வார்கள், செடிக்கும் சொல்வார்கள், ஒருவருடைய திறமைக்கும் சொல்வார்கள். சோறும் தண்ணீரும் கொடுத்தால் மட்டும் போதாது, தானாக நிற்கும்வரை கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்போ வாடகைக்கு வாங்கியாந்து நட்டா அந்தப் பேரு வராதா?" என்று சிரித்தார்.

கம்பெனியில் மரம் வளர்க்கிறோமா என்று ஆய்வு செய்ய அதிகாரிகள் வரும்போதெல்லாம் நீங்கள் புங்கங்கன்றுகளை வாடகைக்கு எடுத்து, கறுப்புப் பையைக்கூடப் பிரிக்காமல் மதிலோரம் புதைக்கச் சொல்வீர்கள். அவர்கள் போனதும் பிடுங்கி லாரியில் ஏற்றுவீர்கள். ஒருமுறை ஆய்வு மூன்று மாதம் தள்ளிப்போனது. கன்றுகள் பைக்குள் வேர் சுருண்டு வாடின. அக்கா ஒவ்வொன்றாகத் தோண்டி, பிளேடால் பையைக் கிழித்து, வேரை விரலால் பிரித்து மறுபடி நட்டார். கேண்டீனில் அரிசி களைந்த தண்ணீரை டின்னில் சுமந்து வந்து ஊற்றினார்.

"வேல பூடும்க்கா" என்றேன்.

"பூட்டா போவட்டும். உசுரோட கீறத எப்படி நைனா பைல கட்டி வெக்கறது?"

ஆய்வு முடிந்து லாரி வந்தது. வேர் மண்ணைப் பிடித்துவிட்டதால் இழுத்தவர்கள் கையில் இலைதான் வந்தது. யார் செய்தது என்று விசாரிக்க அக்கா இடம் வைக்கவில்லை. உங்கள் எதிரில் வந்து நின்று, "நான்தான் சார் கிழிச்சேன்" என்றார். மறுநாள் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு, "கோடில கீற ரெண்டுக்கும் பைப்பு தண்ணி எட்டாது, நீ பாத்துக்க" என்றார். சோறு போன காலையில் அவர் பேசியது அவ்வளவுதான். அவருக்காக உங்களிடம் வந்து கேட்க எனக்குத் துணிவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். பலகை வெளுத்துவிட்டது. மரங்கள் மதிலைத் தாண்டி நிற்கின்றன. அவற்றைக் காட்டித்தானே மரம் வளர்த்ததற்கான விருதுக் கேடயம் வாங்கினீர்கள்? அதே பலகைக்குக் கீழே, எல்லாத் தொழிலாளர்களையும் கூட்டி வைத்து, மைக்கில் பதில் சொல்லுங்கள். இந்த மரங்களை வளர்த்தது யார்? அவரை ஏன் துரத்தினீர்கள்?