தட்டி கட்டிய கண்ணாடி வீடு

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் யாரிடமாவது ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால், "அது இஞ்சினியருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்பார்கள். மெட்ராஸில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்த நான் கூசாமல் மேலே என்று சொல்லிவந்தேன். அப்பா மட்டும் நம்பவில்லை. மொரப்பூர் பக்கம் தக்காளிக் காடு வைத்திருந்த அவருக்கு கவர்மெண்ட் வேலையைத் தவிர மற்ற எதுவும் வேலையில் சேர்த்தியில்லை. "ஒரு வூடு கட்டிக் காட்டு. ஊர் சனம் நின்னு பாக்கற மாதிரி இருந்துச்சுன்னா இங்கயே ஆபீஸ் வெச்சுக்க. இல்லீன்னா கவர்மெண்ட் பரீச்ச எழுதிட்டுப் போயிடு" என்றார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

முதலில் கிடைத்தவர் ஒரு பட்டுக்கூடு வியாபாரி. கோட்டைக் கோயிலை ஒட்டிய பழைய தெருவில் அவருக்கு இடம் இருந்தது. நான்கு மகன்களுக்கும் ஆளுக்கொரு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றார். பெங்களூரில் ஒரு கட்டடத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிருந்தது. கேட்டதும் எனக்கும் போய்விட்டது.

சுற்றிலும் நூறு வருடத்து ஓட்டு வீடுகள். அவற்றுக்கு நடுவே புதுக் கட்டடம் அடாவடியாக நிற்கக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோபுரத்துக்குக் கீழேயே உயரத்தை நிறுத்தினேன். ஓடுகளின் சாய்வைப் பார்த்துப் பார்த்து மாடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தேன். பிளானை விரித்து, எதிர்வரிசை ஓடுகளும் கோபுரமும் கண்ணாடி வழியே தெரியும் என்று உருகி உருகி விளக்கினேன்.

"எதிர் வூட்டுக்காரர் பல்லு வெளக்கறதும் தெரியுங்களா?" என்றார் வியாபாரி.

"தெரியுங்க."

"நாம வெளக்கறது அவருக்கு?"

"உள்ள லைட் போட்டா தெரியுங்க."

தாடையைச் சொறிந்துவிட்டு, "தெரிஞ்சா தெரியட்டும். நம்ம வூட்ல மறைக்கறதுக்கு என்னங்க சார் இருக்குது?" என்றார்.

"இருக்குது" என்றார் அவர் மனைவி, சமையலறைக்குள் இருந்தபடி. அந்த ஒரு சொல்லுக்காகப் படுக்கையறைகள் அத்தனையையும் பின்பக்கம் தள்ளி, முழு பிளானையும் மறுபடி வரைந்தேன்.

எங்கள் பக்கம் வீடு கட்டும்போது ஊர்க்கண் படாமலிருக்கத் தெருப்பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மறைப்பார்கள். மேலே ஒரு வைக்கோல் பொம்மை தொங்கும். குடிபுகுந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். வியாபாரி ஒவ்வொரு மாடிக்கும் தட்டியை ஏற்றிக்கொண்டே போனார். லாரியில் வைக்கோல் சுற்றி வந்த கண்ணாடிகளையும் தட்டிக்குப் பின்னாலேயே பொருத்தினோம். நான் கவலைப்படவில்லை. கிரகப்பிரவேசத்தன்று தட்டி இறங்கும், தெருவே அண்ணாந்து பார்க்கும், அதை அப்பா பார்ப்பார். அப்பாவுக்குக் கடிதம் போட்டேன்.

அன்றைக்கு ஹோமம் முடிந்தது, பசுமாடு உள்ளே போய் வந்தது, பாலும் பொங்கியது. தட்டி மட்டும் இறங்கவில்லை.

"ஓட்டு வூட்டுக்கே கண்ணு படுதுங்க சார். இது கண்ணாடி. ஆடி கழியட்டும், பாத்துக்கலாம்" என்றார் வியாபாரி.

"எல்லாரும் பார்க்கணும்னுதானுங்க இப்படிக் கட்டினோம்."

"அதான் சார் பயமே."

அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, சலவை வேட்டியோடு நேரே வந்து தெருவில் நின்றார். நான்கு மாடி உயரத்துக்குக் கீற்று. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"கீத்துக் கொட்டாய் நம்ம காட்லயே ரெண்டு இருக்குதேடா" என்றார். "இதுக்கா அஞ்சு வருசம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்துநாலு வயதில் பந்தியில் உட்கார்ந்து அழுதால் நன்றாக இருக்காது என்று இலையைப் பார்த்தபடியே பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வியாபாரியை அன்று நான் மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கண்ணுபடுவதைப் பற்றி அப்பாவிடமும் பேசிப் பயனில்லை. திருஷ்டியெல்லாம் நம்பக்கூடாது என்று எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைப்பார். அப்பா ஞாயிற்றுக்கிழமை நம்பமாட்டார். மற்ற ஆறு நாளும் தக்காளிக் காட்டில் கரிப்பானைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து நட்டிருப்பார்.

சாப்பிட்டுக் கை கழுவியவர் யாரிடமும் சொல்லாமல் மாடிப்படி ஏறினார். பின்னாலேயே போனேன். மூன்றாவது மாடிக் கூடம் கீற்றுக்குப் பின்னால் மங்கிக் கிடந்தது. அப்பா துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். விரலால் தட்டிப் பார்த்தார். நகர்த்தித் திறக்கிற பலகை ஒன்று கைக்கு அகப்பட்டதும் அதைத் தள்ளி, வெளியே கையை நீட்டி, தட்டியை ஒரே அமுக்காக அமுக்கி விலக்கினார். கூடம் முழுக்க வெளிச்சம் கொட்டியது. கீழே வரிசை வரிசையாக ஓடுகள், எதிரே கோபுரம். நான் வரைந்தபடியே இருந்தது. அப்பா பிடித்த தட்டியை விடவில்லை.

பந்தி முடிந்து தெருவில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் தெருவே கழுத்தை நிமிர்த்தி நின்றது. வியாபாரி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார்.

"ஐயா, கைய எடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க."

"கண்ணு பட்டுடுமுங்க."

"பட்டா எம்மேல படட்டுமுங்க" என்றார் அப்பா. "இவனப் பெத்தவன் நான்தானே."

வியாபாரி கீழே எட்டிப் பார்த்து, ஒரு பூசணிக்காய் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

"கை வலிக்குது, கொஞ்சம் நீ புடி" என்றார் அப்பா என்னிடம். தட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உதறிவிட்டுத் தெருவைக் காட்டி, "ஆபீஸு இந்தத் தெருவுலயே இருக்கட்டும்" என்றார்.