ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் தயாளன் டிபன் கடை எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தலையாட்டி கடை என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இரண்டு தோசை, ஒரு வடை, சாம்பார் தனியாக என்று எதைச் சொன்னாலும் தயாளனின் தலை இடமும் வலமுமாகச் சாய்ந்து ஆடும். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை; காதில் விழுந்தது, மேலே சொல்லு என்று அர்த்தம். நம் ஊரில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. விளக்கம் தெரியாத ஊரில் போய் ஏழு வருஷம் சமைத்தான் மனுஷன், அதுதான் வினை.

எந்த ஊர் என்று சொல்வதற்கில்லை. கடல் நடுவே ஒரு குட்டி நாடு, அவ்வளவு போதும். தயாளனின் மச்சான் பென்னி இன்னமும் அங்கே ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான்.

தாம்பரம் விமானப்படை மெஸ்ஸில் காண்ட்ராக்ட் சமையல்காரனாக இருந்தவனை ஒரு ஏஜெண்ட் அந்த நாட்டுப் பாதுகாப்பு மந்திரி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மந்திரி சாப்பிடுவார், பேச மாட்டார். பேசுகிறவர் ராணுவக் கர்னல் ஒருவர். மந்திரியைப் பார்க்க வரும்போதெல்லாம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "பிரதர், ரசம் இருக்கிறதா?" என்பார். தயாளன் டெங்கு வந்து கிடந்தபோது தன் காரில் ஏற்றி ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான். மந்திரி வீட்டிலோ, இன்றைக்கு யார் சமைப்பது என்று மட்டும்தான் விசாரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சில இளம் கேப்டன்கள் சிப்பாய்களோடு போய் ரேடியோ நிலையத்தைப் பிடித்தார்கள். ஆட்சி கவிழ்ந்தது என்று அறிவித்தார்கள். கவிழவில்லை. பத்து மணிக்குள் பாதிப் பேர் சரணடைந்தார்கள், மீதிப் பேர் செத்துப்போனார்கள். கலகம் மூன்று மணி நேரம்தான். அதன்பிறகு வந்த சந்தேகத்துக்குத்தான் முடிவே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜனாதிபதிக்குப் பிரதமர் மேல் சந்தேகம், பிரதமருக்கு மந்திரி மேல், மந்திரிக்கு எல்லார் மேலும். வாராவாரம் ஒரே மேஜையில் சிரித்துப் பேசிச் சாப்பிட்டவர்கள், அவரவர் வீட்டுத் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் முதல் கரண்டியைத் தயாளன் தின்று காட்ட வேண்டும். அவன் சாகவில்லை என்று உறுதியான பிறகே பெரிய மனிதர்கள் கை நனைத்தார்கள். அவன் செத்தால் அழ ஒரு நாதி உண்டா என்று எவனாவது நினைத்திருப்பானா?

கேப்டன்களுக்குப் பின்னால் ஏதோ பெரிய தலை இருக்கிறது என்று ஜனாதிபதி நம்பினார். ஒரு தலையைக் காட்டாவிட்டால் தன் தலை போய்விடும் என்று மந்திரிக்குத் தெரிந்தது. கர்னலைக் காட்டிவிட்டார்.

கலகத்துக்கு முந்தின ஞாயிறு கர்னல் மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். பிரியாணி செய்யத் தயாளனை அனுப்பியிருந்தார்கள். விசாரணை அதிகாரி, செத்துப்போன கேப்டன் ஒருவனின் போட்டோவை நீட்டி, "இவன் அந்த விருந்துக்கு வந்தானா?" என்று கேட்டார். தயாளன் அன்று சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவன் பார்த்ததெல்லாம், அப்பளம் இன்னும் வேண்டும் என்று நாலு தடவை ஓடிவந்த அந்தப் பெண்ணைத்தான். கேள்வி காதில் விழுந்தது, தலை ஆடியது. ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். கர்னலுக்கு ஆயுள் தண்டனை, தயாளனுக்கு ஊருக்கு டிக்கெட்.

தவளை தன் வாயால் கெடும், தயாளன் தலையால் கெட்டான் என்று சேலையூரில் சொல்லிச் சிரிப்பார்கள். கெட்டவன் இவன் இல்லையே, கம்பிக்குப் பின்னால் இருப்பவர் அல்லவா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தயாளனும் திருத்தியதில்லை. "நம்ம ஊரு தல சார், அதுக்கு இன்னா தெரியும்?" என்று தோசையைத் திருப்புவான். கடையே சிரிக்கும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, போன புதன்கிழமை, காலை டிபன் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் ஒரு குரல் வந்தது. அப்பளம் கேட்ட பெண். இப்போது வக்கீல். பென்னியைத் தேடிப் பிடித்து நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அங்கிள், அப்பாவின் அப்பீலைக் கோர்ட் எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரில் தலையை அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தமில்லை என்று அப்பா இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உங்கள் மேல் அவருக்குக் கோபமே கிடையாது. அதை நீங்கள் வீடியோவில் சொன்னால் போதும். பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன்."

விஷயத்தைக் கேட்டதும் அவன் மனைவி அமலராணி சட்னிப் பாத்திரத்தை அப்படியே போட்டாள்.

"யோவ், அந்த மந்திரிதான் இப்போ அங்க பிரதமரா கீறான். என் தம்பியும் அங்கதான் கீறான். நீ பாட்டுக்கு வாயத் தொறந்து வெச்சிடாத."

"தலையாட்டுனத சொல்றதுல இன்னா கீது? ஊருக்கே தெரிஞ்ச கததான?"

"அப்போ சொல்லேன். போனை இன்னாத்துக்கு கவுத்து வெச்ச?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஊருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான்.

முதல் விசாரணை முடிந்து வெளியே வந்ததுமே மந்திரியின் டிரைவர் சொல்லிவிட்டான்: "நீ ஆமாம் என்று சொல்லிவிட்டாய், தெரியுமா?" மூன்று நாள் கழித்து ஒரு மூடிய அறையில் மறுபடி நிறுத்தினார்கள். நீள மேஜை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆறு தலைவர்கள். கர்னலை அங்கே கொண்டுவரவில்லை. முன்பு எழுதியதைப் படித்துக்காட்டி, இது உண்மைதானா என்று கேட்டார்கள். இல்லை என்ற ஒரு சொல் போதும். மந்திரியின் கையில் தயாளனின் பாஸ்போர்ட் இருந்தது. மந்திரி அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். தயாளன் இந்தத் தடவை நம் ஊர்த் தலையை ஆட்டவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஆமாம் என்பதற்கு ஆட்டுகிற மாதிரி, மேலும் கீழுமாக, இரண்டு முறை ஆட்டினான். சாட்சி தலையசைத்து உறுதி செய்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

சரியாகப் பதினோரு மணிக்குப் போன் அடித்தது. திரையில் அந்தப் பெண்; அப்பாவின் அதே நெற்றி, அதே சிரிப்பு.

"பதிவாகிறது, அங்கிள். ஒரே கேள்விதான். இரண்டாவது விசாரணையிலும் நீங்கள் அதே மாதிரிதானே ஆட்டினீர்கள்?"

தயாளனின் தலை இடமும் வலமுமாக ஆடியது.

அவள் கைகொட்டிச் சிரித்தாள். "இதேதான்! அப்பா சொன்னது இதேதான்!" சிரிப்பு மெதுவாக அடங்கியது. "அங்கிள், கோர்ட்டுக்கு வார்த்தையாக வேண்டும். இப்போது ஆட்டினீர்களே, அது ஆமாமா, இல்லையா?"

தலை ஆடிக்கொண்டே இருந்தது. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அமலராணிக்குப் புருஷனின் முகம் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளும் கேட்டாள்.

"யோவ், ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. பூம்பூம் மாடு கணக்கா ஆட்டிக்கினு கீறியே, இன்னாய்யா அர்த்தம் அதுக்கு?"

தயாளனின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. அந்தப் பெண்ணின் முகம் போய்விட்டது.

"சிக்னல் போச்சு" என்றான் மனைவியிடம். தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து, தெளிவாகச் சொன்னான்.