காய்ச்சலில் படுத்த அர்ச்சியசிஷ்டர்

எனக்குப் பாட்டு வராது என்பது இன்று ஏற்காடு முழுவதும் தெரிந்த செய்தி. ஒன்பது வயதில் அது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அந்த அறியாமையின் புண்ணியத்தில்தான் எங்கள் எஸ்டேட்டின் மாதா கோயில் பூட்டப்படாமல் தப்பியது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரத் துரைகள் காப்பித் தோட்டம் நடத்திய காலம் அது. வாழவந்திப் பக்கம் எங்கள் லைனில், அதாவது தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசையில், இருந்தவர்கள் பெரும்பாலும் சமவெளியிலிருந்து மலையேறும்போது மாரியம்மனையும் கூடவே கூட்டிவந்தவர்கள். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பங்கள் ஐந்தே ஐந்து. அந்த ஐந்துக்காக ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று, கோயிலுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க ஓர் உபதேசியார், உபதேசியாருக்கு ஓர் ஆர்மோனியப் பெட்டி.

கோயில் ஐந்து குடும்பத்துக்கு என்றாலும் உபதேசியார் எல்லாருக்கும் பொது. ஊருக்குக் கடுதாசி போட வேண்டுமா, அவர்தான். அட்டை கடித்த புண் ஆறவில்லையா, அவர்தான். மாரியம்மன் பண்டிகைக்கு மாதா கோயில் விளக்குத்தான் வெளிச்சம். கல்யாணமோ காதுகுத்தோ, சாவே விழுந்தாலும் சரி, ஆர்மோனியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். சனிக்கிழமை சாயங்காலம் லைன் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பாடினால் பொரிகடலை. நான் சங்கீதத்தில் இறங்கியது அப்படித்தான்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டில் முதல் அடியை நான் தனியாகப் பாட வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். என் குரலை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தால் எல்லாக் குரலும் கெடுகிறது, தனியே விட்டால் ஓர் அடியோடு போகும் என்று நினைத்திருப்பார். நானோ பட்டாபிஷேகத்துக்கு நாள் குறித்ததுபோல் திரிந்தேன். எங்கள் ஆட்டுக்குக் காலையும் மாலையும் பாடிக்காட்டினேன். ஆட்டுக்குப் பால் வற்றிப்போனதற்கு நான்தான் காரணம் என்று அம்மா சொன்னாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நனைந்த கோழிபோல் வாசலிலேயே நின்றார்.

"இருந்த அஞ்சு குடும்பத்துல மூணு மஞ்சக்குட்டைப் பக்கம் போயிருச்சுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை சேலத்துல இருந்து பெரிய சாமியார் வராரு. கோயிலு வெறிச்சுனு கெடந்தா பூட்டிப் போட்டுட்டு, என்னையும் பொட்டியையும் கீழ கூட்டிட்டுப் போயிருவாருங்க" என்றார்.

"ஏனுங்க, எங்களைக் கூப்புட்டா வரமாட்டமுங்களா?" என்றாள் அம்மா.

"நானா வாயெடுத்துக் கூப்புட்டா, ஆள் சேக்கறான்னு நாளைக்கு நாலு பேச்சு வருமுங்க. அது உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பேச்சு நின்று, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. பெட்டி போனால் கிறிஸ்துமஸ் பாட்டு போகும், பாட்டுப் போனால் என் முதல் அடி போகும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

இங்கே அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். மாதா கோயிலை ஒட்டித்தான் பிரட்டுக்களம்; விடிந்ததும் ஆள்கள் கூடி, கணக்கு எழுதும் ரைட்டர் பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடும் இடம். அங்கே பலா மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புத் தடியால் அடித்து லைன் முழுவதையும் எழுப்புவது அப்பா. தண்டவாளம் சத்தம் போட்டால் கூடையோடு ஓடிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஊமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை நான் பேசவைத்தேன். அப்பா அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பலத்துக்கு முதல் அடி தண்டவாளத்தில் விழவில்லை, என் முட்டியில் விழுந்தது. அதற்குப் பிறகு விழுந்த அடிகளில் பாதி கோபம். அடித்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். ஆள்கள் கூடியதும் வெளியே வந்து, "துரை எல்லாரையும் கோயிலுக்குள்ள ஒக்காரச் சொன்னாருங்க" என்று சொல்வதாகத் திட்டம். ஆனால் பனிமூட்டத்துக்குள் நூறு பேருக்குமேல் கூடையோடு வருவதைப் பார்த்ததும் திட்டத்தை விட்டுவிட்டு மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

நல்லவேளை, தூறல் விழுந்தது. "ஏனுங், நனஞ்சுட்டு எதுக்கு நிக்கறீங்க? கோயிலு தொறந்துதானே கெடக்குது, உள்ள போங்க" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அது அப்பாவின் குரல்போல இருந்தது. எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள். அம்மா தீபாவளிச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, இடுப்பில் காப்பிப் பழம் பறிக்கிற கூடையோடு போனாள். அவசரத்தில் கைக்குக் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருப்பாள் என்று பாவமாக இருந்தது.

ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கிலிருந்து குதிரையில் வந்து இறங்கிய பெரிய சாமியார், நெஞ்சுவரை தாடி வைத்த வெள்ளைக்காரர், வாசலிலேயே நின்றுவிட்டார். கோயில் நிறைய ஜனம். ஜனத்தின் மடி நிறையக் கூடை. உபதேசியார் மாதா சுரூபத்தையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

பூசையில் எல்லாரும் மிச்சமிருந்த இரண்டு வேதக்காரக் குடும்பங்களைப் பார்த்து எழுந்து, பார்த்து உட்கார்ந்தார்கள். அதுவரை பழுதில்லை. பிறகு உபதேசியார் ஒரு புத்தகத்தைப் பிரித்து, அர்ச்சியசிஷ்டர்கள் என்று அவர்கள் சொல்லும் புனிதர்களின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பேருக்குப் பேர் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று ஜனங்கள் சொல்ல வேண்டும். எங்கள் ஜனத்துக்கோ, ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான் தெரியும்.

"சின்னப்பரே!" என்றார் உபதேசியார்.

"வந்தனுங்க!" என்று மூன்றாவது வரிசையில், காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற சின்னப்பன் எழுந்து நின்றான். பிறந்ததிலிருந்து யாரும் அவனை அத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

உபதேசியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார். "பெலவேந்திரரே!"

அப்படி ஓர் ஆள் லைனில் இல்லை. எல்லாரும் திரும்பித் திரும்பித் தேடினார்கள். வராத ஆளுக்கெல்லாம் காய்ச்சல் என்று சொல்லி ரைட்டரைச் சமாளிப்பது, ஆள்களை மேய்க்கிற கங்காணியின் பரம்பரைத் தொழில். பின்னாலிருந்து அவர் எழுந்து கைகட்டினார்.

"நேத்திருந்து நொம்பக் காய்ச்சலுங்க சாமி. லைன்லயே படுத்துக் கெடக்கறானுங்க. நாளைக்கு வந்துருவான், பேரை வெட்டிப்போடாதீங்க."

பெரிய சாமியாரின் தாடி ஆடியது. முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையை வாயில் வைத்து வெகுநேரம் இருமினார். உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டு ஆர்மோனியத்தின் மேல் விழுந்தார். சனிக்கிழமைப் பாட்டு ஒன்றைப் பிள்ளைகள் எடுத்தோம். லைனுக்குக் கேட்டுக்கேட்டுப் பழகிய பாட்டு. பெண்கள் கும்மித் தாளம் தட்டிச் சேர்ந்துகொண்டார்கள். மாதாவுக்கும் கும்மி பொருந்தத்தான் செய்தது. நான் உச்சத்தில் ஓர் இடத்தைப் பிடித்தபோது வாசலில் நின்ற குதிரை கனைத்தது.

பூசை முடிந்து குதிரை ஏறும்போது பெரிய சாமியார் கேட்டார்: "உபதேசியாரே, இந்த மலையில் அர்ச்சியசிஷ்டருக்கும் காய்ச்சல் வருமோ?"

மறுமாதம் சேலத்திலிருந்து காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை ஒரு டப்பா வந்தது. கோயில் பூட்டப்படவில்லை, பெட்டியும் உபதேசியாரும் மலையைவிட்டு இறங்கவில்லை.

பூசை நடந்த அன்று மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று முதுகைத் தயார் செய்துகொண்டு போனேன். "தடிய எடுத்த எடத்துல வெக்கோணும் சாமி" என்றார். அவ்வளவுதான். எடுத்தது நான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

லைன் முழுவதையும் ஏமாற்றிவிட்ட கர்வத்தில் ஒரு மாதம் நடந்தேன். தண்டவாளம் அடிக்க வேண்டிய மனிதர் காப்பிக் குவளையோடு வாசலுக்கு வந்து நின்றதை வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் அத்தனை பேரும் வந்தார்கள் என்பதோ, நாலு மாதம் கொட்டுகிற மழையில் வேலை செய்பவர்கள் தூறலுக்குப் பயந்து கூரை தேடமாட்டார்கள் என்பதோ, கனகாம்பரம் வைத்துக்கொண்டு யாரும் வேலைக்குப் போவதில்லை என்பதோ அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை. கங்காணி மட்டும் தெரிந்து செய்தாரா, பழக்கதோஷமா என்பது இன்றுவரை எட்டவில்லை.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் நான் முதல் அடியைத் தனியாகப் பாடினேன். கோயில் அன்றும் நிறைந்திருந்தது. யாரிடமும் கூடை இல்லை. தண்டவாளத்தை அன்று யாரும் அடிக்கவில்லை. அத்தனை கூட்டமும் என் குரலுக்காக வந்தது என்று நினைத்து, இரண்டாவது அடியையும் நானே பாடிவிட்டேன்.