படலையில் ஒரு டைனமோ

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சைக்கிள் மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் நான் சமைக்கும் குசினியில் பல்ப் எரியும். அது எரிந்தால்தான் நான் போய் வாசல் படலையைத் திறப்பேன். ஊரில் இதைப் பற்றிக் கதைக்காத வாய் இல்லை. கதைக்கட்டும், எனக்கு எப்படியும் கேட்காது.

ஷெல் விழுந்த காலத்தில் என் வலது காது போனது. இடது காது மெல்ல மெல்ல அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஆள் வருவது தெரியாது என்பதால், என் மனுசன் இவர் வயலுக்குப் போனதும் படலையைப் பூட்டிவிடுவேன். அப்படி ஒரு நாள், கொக்கிளாயில் கலியாணம் செய்திருக்கும் என் தங்கச்சி கருவாட்டுப் பையோடு பஸ் மாறி மாறி வந்து, வெயிலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். குசினி ஜன்னலில் என் முதுகு தெரிந்திருக்கிறது. முதுகு திரும்பவில்லை. கருவாட்டையும் கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

"ஒரு காதுதானே போனது, மற்றது இருக்குதானே? வேணுமெண்டுதான் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவா" என்று இவரிடம் போனில் சொன்னவள், அதற்குப் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவே இல்லை. கூடப் பிறந்தவர்களில் எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இவர் கண்டுபிடிப்பாளர் ஆனார். படலையில் ஒரு சுவிட்ச், குசினியில் ஒரு பல்ப், அவ்வளவுதான் விஷயம். கரண்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வீடு படாத பாடு பட்டது.

முதலில் வீட்டுக் கரண்டையே படலைக்கு இழுக்கப் பார்த்தார். வயரிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். "அண்ணை, இது தகரப் படலை. மாரி மழைக்கை ஆரும் வந்து கை வைச்சால், நீங்கள் செத்தவீட்டுப் பந்தல்தான் போடவேணும்."

பிறகு ஒரு போன் சார்ஜரை வெட்டி ஒட்டினார். சந்தையில் வாங்கிய, பெயரே இல்லாத சாமான் அது. மத்தியானத்துக்குள் கொதித்து, முதுகு வீங்கி, குசினி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். காது போனாலும் மூக்கு இருந்தபடியால் வீடு தப்பியது.

அடுத்தது மோட்டார் சைக்கிள் பற்றரி. "இஞ்சேரும், பன்னிரண்டு வோல்ட் ஆளை அடிக்காது" என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஆளை அடிக்கவில்லைதான். படலைக்கடியில் வயர் நசிந்து, செம்பும் செம்பும் தொட்டு, வயர் நெடுகச் சிவந்து, வேலியில் காயப்போட்டிருந்த அவர் இடுப்பில் கட்டும் நல்ல சாரத்தைத் தின்றுவிட்டது. இடையில் ஒரு பியூஸ் போட்டிருக்க வேண்டுமாம். அது சாரம் போன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

சண்டை நடந்து, அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்ட காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். அந்தப் பழைய புத்தி இவருக்குள் திடீரென்று எழும்பியது. துருப்பிடித்த சைக்கிளைப் படலைக்கு வெளியே ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி, தூணோடு சங்கிலியால் கட்டி, டைனமோவிலிருந்து குசினிக்கு வயர் இழுத்தார்.

"மிதிக்காட்டிக் கரண்டே இல்லை. ஷோக் அடிக்காது, வீங்காது, நெருப்புப் பத்தாது. இதைவிடப் பாதுகாப்பு உலகத்திலை இல்லை."

"வாற சனம் வேர்த்துப் போகுமே?"

"அது அவையின்ரை பாடு."

அதோடு விட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். சைக்கிளுக்கு மேலே ஒரு பலகையும் அடித்தார்: 'வீட்டுக்காரிக்கு இரண்டு காதும் கேளாது. மிதிக்கவும்.' எனக்கு வந்த கோபத்தில் பலகையைக் கழற்றி விறகோடு போட்டேன். அவர் எடுத்து மறுபடியும் அடித்தார். நான் மறுபடியும் கழற்றினேன். கடைசியில் கழற்றவே முடியாத ஆணி வாங்கி வந்தார்.

கோயில்காரர்கள் வெள்ளை வேட்டியோடு வந்து, யார் ஏறி மிதிப்பது என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். இளசுகள் மிதித்து மிதித்துப் படம் எடுத்தார்கள். எங்கள் வயதுக்காரர்கள் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்தார்கள், குந்தினார்கள், பெடலைக் கையால் சுற்றினார்கள். பல்ப் மினுங்கும் ஒவ்வொரு முறையும் நான் தங்கச்சி என்று நினைத்து ஓடினேன். அவள் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பல்ப் எரிந்தது. வழக்கமான மஞ்சள் வெளிச்சம் இல்லை. கண் கூச வெள்ளையாகி, இன்னும் வெள்ளையாகி, சட்டென்று கறுத்துப்போனது. அப்படி ஒரு கோபத்தோடு மிதிக்கக்கூடியவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். தேங்காய்ப் பாதியைப் போட்டுவிட்டு, படலைப் பூட்டின் திறப்போடு ஓடினேன்.

அவளேதான். தர்மபுரத்தில் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்திய வீட்டுக்கு வந்தவள், படலையில் நின்று நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாளாம். சாமத்திய வீட்டுக்கு உடுத்த பட்டுச் சாறியை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, ஹாண்டிலில் கருவாட்டுப் பை ஆட ஆட, பலகையைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். படலை திறந்த பிறகும் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பல்ப்பை எரிச்சுப் போட்டியேடி!" என்றேன்.

இறங்கி வந்து என் தலையைப் பிடித்துத் திருப்பி, இடது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"மூதேசி, ரெண்டு காதும் போட்டுதெண்டு எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

அது மட்டும் நன்றாகக் கேட்டது.